மலைக்குப் பின்னால் இருந்த வெள்ளி

விடியற்காலையில் கிழக்கே தெரிகிற வெள்ளியும், பொழுது சாய்ந்ததும் மேற்கே தெரிகிற வெள்ளியும் ஒன்றுதான். இரண்டல்ல. அது நட்சத்திரமும் அல்ல, சூரியனைச் சுற்றிவரும் ஒரு கோள். இன்றைக்கு எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நான் பதினொரு வயதில், ஊர் கூடியிருந்த இடத்தில் இதைச் சொன்னேன். சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. சொன்ன மூன்றாம் மாதம் நாங்கள் ஊரை விட்டுப் போனோம்.

அறிவு விளக்கு, அறியாமை இருட்டு என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். எழுதட்டும். அவர்கள் யாரும் ஒரே கிணற்றில் இரண்டு குடும்பம் தண்ணீர் இறைத்துப் பார்த்தவர்கள் அல்ல.

எங்கள் ஊர் எருமப்பட்டிப் பக்கம். கிழக்கே எழுந்து நிற்பது கொல்லிமலை. சூரியனானாலும் வெள்ளியானாலும் அதைத் தாண்டித்தான் எங்களுக்கு வர வேண்டும். நிலத்தை நாங்கள் காடு என்போம். தாத்தா செத்த பிறகு காட்டை இரண்டாகப் பிரித்தார்கள். மேற்குப் பாதி பெரியப்பாவுக்கு, கிழக்குப் பாதி அப்பாவுக்கு. கிணறு ஒன்றுதான் இருந்தது. அதை அறுக்க முடியாது. அது பெரியப்பாவின் பாதியில் விழுந்தது. எழுதிய தாளில் கிணறு இருக்கும் இடம் அவருடையது என்று மட்டும் இருந்தது. தண்ணீரில் எங்களுக்கும் பாதி என்பதைத் தாளில் எழுத யாருக்கும் தோன்றவில்லை. கொத்துக்காரர், அதாவது எங்கள் குலத்தின் வழக்குகளைத் தீர்க்கிறவர், அண்ணன் தம்பி இருவரையும் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். அவ்வளவுதான் எங்கள் உரிமை. ஒரு கட்டிக் கற்பூரம்.

அந்தச் சத்தியத்தின் சொற்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். "வெள்ளி கண்டதும் மூத்தவன் அவுக்கோணும், எளையவன் பூட்டோணும்."

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கவலை இறைப்புத்தான். இரண்டு மாடுகளைப் பூட்டிச் சரிவில் ஓட்டினால் வடக்கயிறு இழுத்து, கிணற்றுக்குள் கிடக்கும் பெரிய சால் தண்ணீரோடு மேலே வரும். கோடையில் கிணறு ராத்திரியெல்லாம் ஊறினால்தான் காலையில் இறைக்கத் தண்ணீர் இருக்கும். வெயில் ஏறினால் மாடு தாங்காது. ஆகவே இருட்டோடு எழுந்து இறைக்க வேண்டும். முதலில் பெரியப்பா பூட்டுவார். வெள்ளி மலைமேல் தெரிந்ததும் அவிழ்த்துவிடுவார். அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரை நாங்கள் இறைப்போம். ஊரில் யாரிடமும் கடிகாரம் கிடையாது. வெள்ளிதான் கடிகாரம்.

சத்தியம் பண்ணிய ஆவணி மாதத்தில் வெள்ளி சாமக்கோழி கூவிய கொஞ்ச நேரத்திலேயே மலைமேல் வந்து கொள்ளிக்கட்டை மாதிரி எரிந்தது. எங்களுக்குப் பாதிக்கு மேலே தண்ணீர் கிடைத்தது. மழைக்காலம் வேறு. யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. தை பிறந்த பிறகுதான் கோளாறு தெரிந்தது. வெள்ளி ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் பிந்தி வந்தது. மாசியில் இன்னும் பிந்தியது. பெரியப்பா கிணற்று மேட்டில் நின்று, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மலையையே பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளி தெரியாதவரை அவர் மாடு நிற்காது. தெரிந்துவிட்டால் சால் பாதிக் கிணற்றில் தொங்கினாலும் சரி, அந்த இடத்திலேயே அவிழ்த்துவிடுவார். இதை நானே பார்த்திருக்கிறேன். அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகப் படவில்லை. பாதி வந்த சால் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டுப் போகிறவன் பைத்தியக்காரன் என்று மட்டும் நினைத்தேன்.

பங்குனியில் வெள்ளியும் விடியலும் சேர்ந்தே வந்தன. அப்புறம் வெள்ளி வரவேயில்லை.

எங்கள் காட்டில் ராகி கதிர் வாங்கும் பருவம். அந்த ராகிதான் எங்களுக்கு வருஷத்துச் சோறு. வேறு எதுவும் கிடையாது. இன்னும் மூன்று தண்ணீர் பாய்ந்தால் மணி பிடிக்கும். இல்லாவிட்டால் மாட்டுக்குத்தான் ஆகும். அம்மா தினமும் வயலுக்குப் போய், கதிரைக் கிள்ளிப் பார்த்துவிட்டு வருவாள். வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொள்வாள்.

"ஏனுங்க, வெள்ளி செத்துப் போச்சாமா? எழவு சொல்லியுட்டாங்களா?"

அப்பா கயிறு திரித்துக்கொண்டே இருப்பார்.

"வெள்ளி வரலீன்னா நாம வாயில மண்ணைப் போட்டுக்கறதா? போயி உங்க அண்ணங்கிட்டக் கேளுங்க."

"கேக்க என்ன இருக்குது? வாரது வரட்டும்."

"ராகி வாரது நின்னு போச்சு. அதைச் சொல்றேன் நானு."

உண்மையில் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளி மறைந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த தண்ணீர் குறையவில்லை. அது மறையுமுன் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடித்தான் இருந்தது. விடிந்து நாங்கள் போகும்போது கிணற்றில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். கிழக்குப் பக்கத்து ஊற்றுக் கண் திறந்துகொண்டது என்றாள் அம்மா. நாங்கள் கிழக்குப் பங்கு, ஆகவே சாமி நம் பக்கம் என்றாள். நானும் நம்பினேன். அப்பா மட்டும் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு மாட்டைப் பூட்டினார். ஆனால் இடுப்பளவுத் தண்ணீர் அரை வயலுக்குக்கூடப் போதவில்லை.

நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பெண் பிள்ளையைப் படிக்க அனுப்பும் பெருந்தன்மை எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. பிறக்கும்போதே என் இடது கால் வளைந்திருந்தது. களை வெட்டவோ புல் சுமக்கவோ ஆகாது. ஊட்டில் சும்மா கிடப்பதற்கு அங்கே போய்க் கிடக்கட்டும் என்று அனுப்பினார்கள். இரண்டு கல் தூரம் நொண்டி நொண்டிப் போவேன்.

அந்த வருஷம் எங்கள் பாடப்புத்தகத்தில் உலகம் உண்டான விதம் என்று ஒரு பாடம் இருந்தது. ஆதியில் மலையும் இல்லை, மண்ணும் இல்லை. எங்கும் கொதிக்கிற புகை. அந்தப் புகை சுழன்று சுழன்று இறுகி நடுவே சூரியன் ஆயிற்று. அதிலிருந்து தெறித்தவை கோள்கள். நாம் நிற்கும் பூமியும் அப்படித் தெறித்த ஒன்று. நட்சத்திரங்கள் எல்லாம் சூரியன்கள். அவற்றின் ஒளி நம்மிடம் வந்து சேர வருஷக் கணக்காகும். இன்று நாம் பார்க்கிற நட்சத்திரம் எப்போதோ அவிந்து போனதாகவும் இருக்கலாம். வாத்தியார் இதை எல்லாம் கூட்டல் கணக்கு நடத்துகிற அதே குரலில் படித்துக்கொண்டே போனார்.

நான் எழுந்து கேட்டேன்.

"ஏனுங் சார், அந்தப் பொகைக்கு முன்னால என்னங்க இருந்துச்சு?"

அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அதெல்லாம் பரீட்சையில கேக்க மாட்டாங்க, உக்காரு" என்றார்.

நான் உட்காரவில்லை. "பொகை எங்கிருந்து வந்துச்சுங்க?" என்றேன். கையை நீட்டச் சொல்லி இரண்டு அடி கொடுத்தார். இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. எல்லாம் கடுகைவிடச் சிறிய ஒன்றிலிருந்து விரிந்து வந்தது, இன்னும் விரிந்துகொண்டே போகிறது என்று இப்போது எழுதுகிறார்கள். அதற்கு முன்னால் என்ன என்று கேட்டால் இவர்களும் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள். அடிப்பதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்தப் பாடத்தின் கடைசிப் பக்கத்தில்தான் வெள்ளி இருந்தது. சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது விடியலில் கிழக்கே தெரியும். சுற்றி அந்தப் பக்கம் வரும்போது அந்தியில் மேற்கே தெரியும். நடுவில் சூரியனுக்குப் பின்னால் போகும் நாட்களில் எங்கும் தெரியாது. படம் போட்டிருந்தது. நான் அந்தப் படத்தை விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். செக்கு மாடு மாதிரி இருந்தது.

வைகாசி பிறந்து சில நாள் கழித்து, பொழுது விழுந்த கையோடு மேற்கே பார்த்தேன். பனைமரத்தின் தலைக்குக் கீழே, செம்மண் நிற வானத்தில், ஒற்றையாக நின்றது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். அந்தி வெள்ளி என்போம். விடிவெள்ளி வேறு, அந்தி வெள்ளி வேறு என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கிழக்கே வருபவன் அண்ணன், மேற்கே வருபவன் தம்பி, பகையாகிப் போனதால் சேர்ந்து வர மாட்டார்கள் என்று ஒரு கதைகூட உண்டு. அந்தச் சத்தியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். சத்தியத்தில் கிழக்கு என்ற சொல் இல்லை. விடியல் என்ற சொல்லும் இல்லை. வெள்ளி கண்டதும் என்றுதான் இருக்கிறது. பெரியப்பா சாயங்காலமும் பூட்டுவார். பகலில் ஊறியதை அவர்தான் இருட்டும் வரை இறைத்துக்கொள்வார். இதோ வெள்ளி தெரிகிறது. அவர் அவிழ்க்க வேண்டும். நாங்கள் பூட்ட வேண்டும்.

அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். ஓடிப் போய்ச் சொன்னேன். மூச்சு விடாமல் புகையிலிருந்து தொடங்கி வெள்ளி வரைக்கும் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகு மேற்கே ஒரு பார்வை பார்த்தார்.

"ஆடு மேச்சவன் சாமி நானு. எனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியுமுங்களா?"

"ஒண்ணு போனா ஒண்ணு வருது. ரெண்டும் ஒருநாளும் சேந்து நின்னதில்லை. அப்பறம் என்ன ரெண்டு?" தட்டை உதறினார். "இதை வெளிய சொல்லாத அம்மிணி."

"ஏனுங்கய்யா?"

"சொல்லாதன்னா சொல்லாத."

அண்ணனுக்குப் பயந்துகொண்டு சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அவர்மேல் அருவருப்பாக இருந்தது. பெற்றவரைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் அன்று இருந்தது அதுதான்.

கட்டுத்தறிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அன்றே கொத்துக்காரர் வீட்டுக்கு நடந்தாள். மூன்றாம் நாள் அந்தியில் கோயில் வாசலில் ஊர் கூடியது.

எங்கள் பக்கம் கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. பெரியப்பா தம்பி மனைவியிடம் நேராகப் பேசவே மாட்டார். அம்மாவும் அவரிடம் பேச மாட்டாள். இடையில் ஒரு பிள்ளை வேண்டும், அல்லது ஒரு சுவர் வேண்டும். அன்றைக்கு நான் இருந்தேன். அம்மா என்னை முதுகில் தள்ளி முன்னால் விட்டாள்.

கொத்துக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டு, "சொல்லு அம்மிணி, என்னமோ வெள்ளியைப் புடிச்சிட்டயாமா?" என்றார். சிரிப்பு எழுந்தது.

நான் சிரிக்கவில்லை. கோயில் முன்னால் விளக்குத்தூண் ஒன்று உண்டு. கல்தூண். "இது சூரியனுங்க" என்றேன். "நீங்க பூமிங்க."

"நான் பூமியா? சரி, பொறுமையா இருக்கறேன்."

மறுபடி சிரிப்பு. நான் ஒரு அகல்விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு தூணைச் சுற்றி நடந்தேன். யாரோ, "வெள்ளி நொண்டுதப்பா" என்றான். என் காதில் விழுந்தது. நடந்துகொண்டே பேசினேன்.

"செக்கடியில தூரமா நின்னு பாருங்க. மாடு ஒருக்கா செக்குக்கு இந்தப் பக்கம் தெரியும். ஒருக்கா அந்தப் பக்கம் தெரியும். பின்னால போனாத் தெரியாது. அதுக்காவ ரெண்டு மாடுன்னு சொல்லுவீங்களா?"

"ரெண்டு மாடுன்னா ரெண்டு பங்கு எண்ணெயல்லோ வரோணும்" என்றார் ஒருவர். இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம் இருந்தது.

கொத்துக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பஞ்சாங்கம் பார்க்கிற ஐயரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுக்கிரன் ஒன்றுதான், பஞ்சாங்கத்திலும் அப்படித்தான், கிழக்கே அஸ்தமித்து மேற்கே உதிப்பான் என்றார். யாரும் கேட்கவில்லை, அதனால் தானும் சொல்லவில்லை என்றார். அப்போது சரியாக மேற்கே, புளியமரத்துக்கு இடது பக்கம், அது தெரிந்தது. எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த ஒன்றை அன்றுதான் முதலில் பார்ப்பதுபோல வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். இந்த நொண்டியின் பேச்சுக்கு ஊரே கழுத்தைத் திருப்பிற்று. அப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெரியப்பா வெகுநேரம் மேற்கே பார்த்தார். பிறகு கிழக்கே திரும்பி, இருண்டு கிடந்த மலையைப் பார்த்தார். பிறகு கொத்துக்காரரிடம்தான் பேசினார்.

"ஏனுங்க, புள்ள சொல்றது நெசந்தானுங்களா?"

"ஐயரும் சொல்றாரு. நெசந்தான்."

"அப்ப விடியக்காலம் மலையில வெள்ளி இல்லீங்களா?"

"இல்லை. அது இங்கல்லோ நிக்குது."

"ரெண்டு மாசமாவே இல்லீங்களா?"

ஐயர் இல்லை என்று தலையாட்டினார்.

பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் கற்பூரம் அணைச்சது மலைமேல மொளைக்கற வெள்ளிக்குங்க. அது என்னைக்கும் இருக்கும்னு நெனச்சு அணைச்சேன். தெரியாத நாள்லகூட அது..." அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். பிறகு குரல் மாறியது. "அங்க இல்லாதது மேல பண்ணுன சத்தியம் செல்லுமா, செல்லாதா? நீங்களே தீத்துச் சொல்லுங்க."

அவர் பாதியில் விட்ட வாக்கியத்தை யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிறவனுக்கு எதிராளியின் பாதி வாக்கியம் எதற்கு?

கொத்துக்காரர் யோசித்தார். அவர் கெட்டவர் அல்ல. மந்த புத்தி, ஆனால் நியாயமாக இருக்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர். அந்த மாதிரி ஆட்களிடம்தான் பெரிய தீங்கு நடக்கும். வெள்ளி இன்னதென்று தெரியாமல் பண்ணிய சத்தியம் செல்லாது என்றார். பழைய சத்தியத்தை விட்டுவிட்டு, ஒருநாள் அண்ணன் ஒருநாள் தம்பி என்று புதிதாகக் கற்பூரம் அணையுங்கள் என்றார்.

"ஒருக்கா அணைச்சது போதுமுங்க. தாள்ல கெணறு எம்பட பேர்ல இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா எழுந்து போனார்.

அம்மா ஏதோ கத்தினாள். அப்பா எழுந்து என் கையிலிருந்த அகல்விளக்கை வாங்கி, ஊதி அணைத்து, தூணுக்கடியில் வைத்தார். எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார். நான் நொண்டி நடந்தால் எப்போதும் அவர் நடையைக் குறைப்பார். அன்றும் குறைத்தார். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் கிணற்றுக்குப் போனோம். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. சேறு இருந்தது. சேற்றில் ஒரு தவளை இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். கிழக்குப் பக்கத்து ஊற்றுக் கண் மூடிக்கொண்டது என்று அம்மா அழுதாள். சாமிக்கு என்ன கோபமோ என்றாள். ஊற்று எப்படி ஒரே ராத்திரியில் மூடும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் புகையிலிருந்து சூரியன் வந்த கதை தெரிந்த எனக்குக் கிணற்றடி விஷயம் புரியவில்லை. பத்தாம் நாள் கவலைச் சரிவில் இலந்தை முள்ளைப் போட்டு அடைத்துவிட்டார் பெரியப்பா.

ராகி நின்றபடியே காய்ந்தது. வெறும் கதிரை மாடுகளுக்கு அறுத்துப் போட்டோம். பிறகு மாடுகளை விற்றோம். அப்போது மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். கல் சுமக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஆவணியில் போனோம். சரியாக ஒரு வருஷம், அந்தக் கற்பூரத்துக்கு.

முப்பது வருஷம் கழித்துப் பெரியப்பா செத்தார். எழவுக்குப் போனேன். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்பா இருந்திருந்தால் போயிருப்பார், அதனால் போனேன். எல்லோரும் குளித்துவிட்டு வந்த பிறகு பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வருசம் நீ மட்டும் வாயைத் தொறக்காம இருந்திருந்தா, சாமி..." என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "கெணத்தைச் சொட்டுவிடாம எறச்சவரு அவரு. நான் வாயைத் தொறந்தா என்ன, மூடுனா என்னங்க பெரியம்மா?" என்றேன்.

"எங்க எறச்சாரு? வெள்ளி மறஞ்ச ரெண்டு மாசமும் தலைக்கோழி கூப்பிட்டதும் மாட்டை அவுத்துருவாரு. இன்னொரு நாழி பூட்டுனா நம்ம மொளகாய்க்குப் பாயுமேன்னு நான் சண்டை புடிப்பேன். வேண்டாம்பாரு. வெள்ளி மொளச்சுத்தான் இருக்கும், மலைக்குப் பின்னால நிக்குது, நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதாம்பாரு."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"கூட்டத்துல இருந்து வந்தவரு அன்னைக்குச் சோறு திங்கலே. அது அங்க இல்லவே இல்லையாமா புள்ள, ரெண்டு மாசமா நான் யாருக்குப் பயந்தேன்னு கேட்டாரு. வந்த கையோட பூட்டுனவருதான், விடியற வரைக்கும் அவுக்கலே."

பெரியப்பா நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் நல்லவர் அல்ல. தம்பி வீட்டு அடுப்பு அணைவதைப் பார்த்துக்கொண்டு தன் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சியவர். ஆனால் அவரை ஒன்று பிடித்து நிறுத்தியிருந்தது. மலைக்குப் பின்னால் அது இல்லை. ஆனாலும் தினம் இடுப்பளவு தண்ணீரை அது எங்களுக்காகக் காத்து வைத்தது. அப்பா இருட்டில் விழித்துப் படுத்துக்கொண்டு, கிணற்றுக் கப்பியின் சத்தம் கோழி கூவியதும் நிற்பதைத் தினம் கேட்டிருப்பார். ஏன் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதைச் சொன்னால் அந்தத் தண்ணீரும் நின்றுவிடும் என்பதும் தெரிந்திருக்கும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது? எனக்கும் இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

வானத்தில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான், தெரியாத ஏதோ ஒன்றுதான் எல்லாவற்றையும் சிதறாமல் பிடித்து வைத்திருக்கிறது, அது என்னவென்று யாருக்கும் தெரியாது என்று போன வாரம் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

மேட்டூருக்குப் போன புதிதில் ஒருநாள் சாயங்காலம். அப்பா கல் சுமந்துவிட்டு வந்து, குடிசை வாசலில் கிழக்கே மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். தற்செயலாக மேற்கே பார்த்தேன். வெள்ளி முன்பைவிட உயரமாக, முன்பைவிடப் பெரிதாக நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர் போயிற்று, காடு போயிற்று, ஆனால் நான் சொன்னது சரி. "அய்யா, அங்க பாருங்க, அதே வெள்ளி!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. பகலெல்லாம் கல் சுமந்த கழுத்து, வலிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுப்பை ஊதினேன்.